கடைசி ரீல் கத்தல்

— அந்த ஹெட்போனை முதல்ல கழட்டு. அது என்னோடது.

— ஸ்டுடியோ பேரு ஒட்டியிருக்கு.

— ஒட்டியிருக்கும். பதினாறு வருஷமா என் தலைக்கேத்த மாதிரி வளைஞ்சு கிடக்குது அது. உன் கொண்டைக்கெல்லாம் உக்காராது. கழட்டு கண்ணு.

— கழட்ட முடியாது. நான் வேலை பார்க்க வந்திருக்கேன்.

— என்ன வேலை? உன் வேலையைக் கேமரா முன்னாடி பார்த்து முடிச்சாச்சு. இது டப்பிங் ரூம். இங்க மூஞ்சிக்கு மதிப்பு கிடையாது.

— கடைசி ரீல் கத்தலை நானே கத்தப் போறேன். நீங்க வீட்டுக்குப் போகலாம்.

— தம்பி! கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பொம்மை மாதிரி உக்காந்திருக்கியே, காதுல விழுதா? ஹீரோயினம்மா என்னை வீட்டுக்குப் போகச் சொல்றாங்க.

— விழுதுக்கா. மைக் ஆன்லதான் இருக்கு. கொஞ்சம் தள்ளி நின்னு சண்டை போடுங்க, சவுண்டு பார்க்கறவனுக்கும் ரெண்டு காதுதான் இருக்கு.

— உனக்கு இது முன்னாடியே தெரியுமா?

— காலையில மேடம் போன் பண்ணாங்க. சாரைக் கேட்டுக்கோங்கன்னு சொன்னேன். எனக்கு எதுக்கு வம்பு? சார் நாலு மணிக்குக் கடைசி ரீல் பார்க்க வர்றார். இப்பவே மூணு. அதுக்குள்ள யாராவது ஒருத்தர் கத்தி முடிச்சாப் போதும்.

— சாரை எதுக்குக் கேக்கணும்? படத்துக்குத் தயாரிப்பாளர்னாலும் இவளுக்குக் கட்டின புருஷன்தானே. வீட்டுலயே பேசி முடிச்சுட்டு வந்திருப்பா.

— அவர்கிட்ட சொல்லல.

— ஓஹோ! திருட்டுத்தனமா வந்திருக்கியா? நான் பொழைக்கிற தொண்டையைத் தட்டிப் பறிக்கறதுக்கு, புருஷனுக்கே தெரியாம?

— உங்க தொண்டையை நான் கேக்கல. என்னோடது போதும்.

— உன்னோடதா? அதைத்தான் ஊரே பார்த்துச்சே! காலேஜ் விழாவுல பசங்க 'கத்துங்க, கத்துங்க'ன்னு கூப்பாடு போட, நீ மைக்கைப் பிடிச்சு வாயைத் திறந்தே பாரு. எண்ணெய் போடாத கதவுதான் ஞாபகம் வந்துச்சு எனக்கு. முன்வரிசையில உக்காந்திருந்த பிரின்சிபாலே கைக்குட்டையால வாயைப் பொத்திக்கிட்டார்.

— பார்த்தீங்களா அதை?

— எத்தனை பேர் அனுப்பினாங்க தெரியுமா? நாலு தடவை பார்த்தேன். மனசு சரியில்லாத அன்னைக்கு எடுத்துப் பார்க்கலாம்னு போன்ல பத்திரமா வெச்சிருக்கேன்.

— அக்கா, பாவம், விடுங்க.

— நீ சும்மா இரு தம்பி. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். இவளுக்குக் கத்த வராது, அதுக்கு நான் வீட்டுக்குப் போகணும். மூணு படம்! மூணு படமா இவ வாயைத் திறப்பா, நான் அதுக்குள்ள பூந்து கத்துவேன். முதல் படத்துக் கத்தலை ஜனங்க ரிங்டோனா வெச்சிருக்காங்க. என் எதிர்வீட்டுக்காரர்கூட வெச்சிருக்கார். அது நான்தான்னு அந்த மனுஷனுக்குத் தெரியாது. அவர் போன் அடிக்கறப்பல்லாம் அடுப்புக்கிட்ட நின்னுக்கிட்டு நானே திடுக்குனு திரும்பிப் பார்ப்பேன்.

— அந்த ரிங்டோன் நான் இல்ல.

— நீ இல்லதான். அதைத்தானே சொல்றேன்.

— என் பாத்திரமே இல்லங்கறேன். கடைசியில பொழைக்கிறாளே, அவ கத்தல் இல்ல அது. ரெண்டாவது ரீல்ல குளியல் ரூம்ல சாகறாளே, சுருட்டை முடித் தோழி, அவளோடது. நேத்து ரெண்டையும் மாத்தி மாத்திக் கேட்டேன். முடியறப்ப ஒரு சின்ன விக்கல் வருது. ரெண்டுலயும் அதே இடத்துல.

— என்ன உளர்றே? ரெண்டும் தனித்தனியாக் கத்தினேன் நான். தம்பி, சொல்லு இவளுக்கு.

— அது வந்துக்கா... அஞ்சு வருஷம் ஆச்சு, இப்ப எதுக்கு அதெல்லாம்?

— தம்பி!

— தப்பு நடந்துபோச்சுக்கா. மறுநாள் ரிலீஸ், மூணு நாளாத் தூக்கமில்ல. ரெண்டு ஃபைலுக்கும் 'அக்கா கத்தல்'னே பேர் வெச்சிருந்தேன். செத்தவளோடதை எடுத்துப் பொழைச்சவளுக்குப் போட்டுட்டேன். தியேட்டர்ல போய்ப் பார்க்கறப்பதான் எனக்கே தெரியுது. ஆனா ஜனங்க எழுந்து நின்னு கை தட்டறாங்க. நான் யார்கிட்ட போய் என்னன்னு சொல்றது? எனக்கு எதுக்கு வம்புன்னு விட்டுட்டேன்.

— அடப்பாவி! பொழைக்கிறவளுக்குன்னு நான் தனியா உசுரைக் குடுத்துக் கத்தினது என்ன ஆச்சு?

— ஹார்ட்டிஸ்க்ல இருக்குக்கா. பத்திரமா இருக்கு.

— செத்தவ கத்தலை எனக்கு மாட்டி விட்டிருக்கீங்க. அஞ்சு வருஷமா அதை நான் சுமந்துக்கிட்டு அலையறேன்.

— அலையறியா? அதை வெச்சு விருது வாங்கினியே, அப்ப கனக்கலியா? மேடையில நின்னு, 'இந்தக் கத்தல் என் அடிவயித்துலேர்ந்து வந்தது'ன்னு சொன்னியே. யார் அடிவயிறு அது? டி.வி. முன்னாடி உக்காந்து என் வயித்தை நானே தொட்டுப் பார்த்துக்கிட்டேன்.

— அவர் எழுதிக் குடுத்தார். படிச்சேன்.

— எழுதிக் குடுத்தா எதை வேணா படிச்சுடுவியா?

— ஆமா.

— இதுல ஆமா வேற. நல்லாக் கேட்டுக்கோ. இந்த மாதிரிப் படங்களைப் பத்தி உனக்கு ஒரு மண்ணும் தெரியாது. மூணு படத்துலயும் சேர்த்துப் பதினாலு பொண்ணுங்க செத்திருக்காங்க. பதினாலும் நான்தான். மூக்கால பேசறவ, லேசாத் திக்கறவ, எதுக்கெடுத்தாலும் சிரிக்கறவ. சாகறவளுக்குத்தான் நல்ல வசனம் எல்லாம் எழுதுவாங்க. குடிப்பா, காதலிப்பா, பெத்த அப்பனை வாய்க்கு வந்தபடி திட்டுவா. அரை மணி நேரம் ராணியா இருந்துட்டுப் பொட்டுனு போயிடுவா. பொழைக்கிறவளுக்கு என்ன இருக்கு? 'யாரது'ம்பா. 'கதவைத் திற'ம்பா. மிச்சமெல்லாம் மூச்சுதான். உனக்காக நான் பேசினதைவிட இரைச்சதுதான் ஜாஸ்தி.

— அவளுக்கு ஏன் பேச்சே இல்ல?

— ஏன்னா அவ நல்ல பொண்ணு. குடிக்க மாட்டா, பையனோட மொட்டை மாடிக்குப் போக மாட்டா, பெரியவங்க சொன்ன நேரத்துக்கு வீட்டுக்கு வந்துடுவா. நல்லவ பொழைப்பா, ஆட்டம் போட்டவ போவா. கொலை பண்ற முகமூடிக்காரன் கையில கத்தி குடுத்ததோட நிக்கல, பள்ளிக்கூடத்து ஒழுக்கப் பாடத்தையும் குடுத்து அனுப்பியிருக்காங்க. நானும் பொம்பளைதான், எனக்கு எரியாதா? ஆனா டிக்கெட் வாங்கறவனுக்கு அதுதான் பிடிக்குது.

— நல்ல பொண்ணா இருந்தாப் பொழைச்சிடலாமா?

— படத்துல பொழைச்சிடலாம்.

— பொய்.

— பொய்தான். சினிமாவே பொய்தான். அதுக்கு என்னை எதுக்கு முறைக்கறே? பொய்யை அழகாச் சொல்லத்தான் என்னை வெச்சிருக்காங்க. தம்பியைப் பாரு. முகமூடிக்காரன் கதவுக்குப் பின்னாடி புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு விடறானே, தியேட்டரே நடுங்குதே, அது இவன் மூச்சு. மாடிப்படி ஏறினாலே இரைக்கிற உடம்பு.

— ஆமாங்க மேடம். எனக்கு மூச்சிரைப்பு இருக்கு. அந்தச் சீன் எடுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு மாடி ஏறி இறங்கிட்டு வந்து மைக்கைப் பிடிப்பேன்.

— இன்னொண்ணு கேக்கறேன். ஒவ்வொரு படத்துலயும் தப்பிச்சு ஓடறா. அடுத்த படத்துல மறுபடி அதே வீட்டுக்குள்ள போறா. அவளுக்கு அறிவே இல்லியான்னு ஜனங்க எங்கிட்ட கேக்கறாங்க. நீங்க என்ன சொல்வீங்க?

— அவ போகலன்னா அடுத்த படம் ஏது?

— அவ்வளவுதானா?

— வேற என்ன? நீதான் சொல்லேன், நடிச்சவ நீ.

— சாவி எல்லாம் அவன்கிட்ட இருந்தா அவ வேற எங்கதான் போவா?

— எந்தச் சாவி? கதையில சாவியே கிடையாது. கதைகூடத் தெரியாம மூணு படம் நடிச்சிருக்கே, மகாராணி. இங்க பாரு, நேரம் போகுது. பொழைக்கிறவ கத்தறப்ப, பின்சீட்டுல தூங்கறவன் முழிச்சு, 'ஐயோ, இவளாவது தப்பிக்கணுமே'ன்னு பதறணும். அதுக்குன்னு ஒரு கத்தல் இருக்கு. கீழேர்ந்து எடுத்து, மேல கொண்டுபோய், உச்சியில நூலிழை மாதிரி நிறுத்தி, அப்புறம் உடைக்கணும். பதினோரு செகண்டு. அதுக்காக ஐஸ் தண்ணி குடிக்கறதில்ல, ஊறுகாய் தொடறதில்ல, பெத்த பொண்ணைக்கூடக் குரலை உசத்தித் திட்டினதில்ல நான். உனக்கு என்ன தெரியும் அந்தக் கஷ்டம்?

— நிஜமாப் பொழைக்கிறவ அப்படிக் கத்த மாட்டா.

— ஆமா, நீ கூடவே இருந்து பார்த்தே.

— எங்க அடுக்குமாடியில எல்லாருக்கும் உங்க கத்தல்தான் தெரியும். மூணாவது மாடிக் குழந்தைங்க லிஃப்ட்ல என்னைப் பார்த்தா அப்படியே கத்திக் காட்டுதுங்க. என் கத்தல் எப்படி இருக்கும்னு ஒருத்தருக்கும் தெரியாது. அது நாலு பேர் காதுல விழுந்து, இது இவதான்னு பதியணும். இந்த ஒரு ரீல் போதும் எனக்கு.

— பார்த்தியா தம்பி, பூனைக்குட்டி வெளியே வந்துடுச்சு. முகத்துக்குப் புகழ் வந்து பத்தல, தொண்டைக்கும் வேணுமாம். கண்ணு, உனக்குப் போஸ்டர் இருக்கு, பேட்டி இருக்கு, கார் கதவைத் திறந்துவிட ஆள் இருக்கு. எனக்கு என்ன இருக்கு? பதினாறு வருஷமா என் பேர் எங்க வருது தெரியுமா? வேன் ஓட்டினவங்களுக்குக் கீழ, சாப்பாடு பரிமாறினவங்களுக்கு மேல. ஜனங்க குனிஞ்சு செருப்பைத் தேடற நேரத்துல வரும். இந்தப் படத்துலதான் தனியாப் போடறேன்னு சார் வாக்குக் குடுத்திருக்கார். கறுப்புத் திரையில என் பேர் மட்டும். எங்கம்மாவுக்கு இப்பதான் கண்புரை எடுத்திருக்கு. முன்வரிசையில கூட்டிட்டுப் போய் உக்கார வைக்கப் போறேன். அதைப் பிடுங்க வந்திருக்கே நீ.

— உங்க பேர் வரட்டும். படம் முழுக்க நீங்களே பேசுங்க. கடைசிக் கத்தல் மட்டும் எனக்குக் குடுங்க.

— உடம்பை நீயே வெச்சுக்கோ, உசுரை மட்டும் குடுன்னு கேக்கற மாதிரி இருக்கு. அந்தக் கத்தல் இல்லாம என் பேரைப் போட்டா எனக்கு அது கேவலம். உன் வீட்டுக்காரர் தங்கமான மனுஷன். முதல் படத்துக்கு என்னைத் தேடி வீட்டுக்கே வந்தார். 'என் பொண்டாட்டிக்கு முகம் இருக்கு, குரல் தகரம், நீங்கதான் காப்பாத்தணும்'னு கையெடுத்துக் கும்பிட்டார்.

— வீட்டுலயும் தகரம்னுதான் கூப்பிடுவார்.

— உண்மையைச் சொல்ற மனுஷன். அதுக்குக்கூடக் குடுத்து வெச்சிருக்கணும்.

— ரெண்டு பேர் கால்லயும் விழறேன், மணி மூணு இருபது. நான் ஒண்ணு சொல்றேன், கேளுங்க. ஆளுக்கு ஒரு டேக் குடுங்க. ரெண்டையும் வெச்சுக்கறேன். முடிவு யாரோ பண்ணட்டும், எனக்கு எதுக்கு வம்பு?

— போடு. முதல்ல நான். நீ ஓரமா நில்லு. மைக்கை ஒட்டி நிக்காதே, மூச்சு விடாதே, வளையலைக் கழட்டி வை. ம், போடு தம்பி.

— அதே வீட்டுச் சலவை ரூம். சாக்கு முகமூடிக்காரன் கதவை உடைச்சு உள்ள வர்றான். பொண்ணு வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவுல மாட்டிக்கிட்டா. திரையில பச்சைக் கோடு வர்ற இடத்துல வாய் திறக்குது, பதினோரு செகண்டு. அப்புறம் இஸ்திரிப் பெட்டியால அவன் மண்டையில ஒண்ணு போடுவா, அந்தச் சத்தத்தை நான் பார்த்துக்கறேன். ரெடியாக்கா? போகுது.

— எப்படி?

— யம்மாடி! ஆயிரம் தடவை கேட்டவன் நான், எனக்கே கையில முடி சிலுத்துக்கிச்சு. உதடும் அச்சு அசலா உக்காந்திருக்கு. ஒரே டேக்ல முடிச்சுட்டீங்களேக்கா!

— பார்த்தியா கண்ணு? கத்தல்னா இது.

— நல்லா இருக்கு. பாட்டு மாதிரி இருக்கு.

— இது புகழ்ச்சியா, இகழ்ச்சியா?

— கேட்டா எழுந்து கை தட்டத் தோணுது. ஓடிப்போய்க் கதவைத் தட்டத் தோணல.

— வாய் மட்டும் நீளம். வா, வந்து நில்லு. நீ கத்து, எவன் கதவைத் தட்டறான்னு பார்க்கலாம்.

— மேடம், ஹெட்போன் சரியா இருக்கா? பச்சைக் கோட்டைப் பாருங்க, வேற எதையும் பார்க்க வேண்டாம். போகுது.

— முடிஞ்சுது.

— மேடம்? உடம்புக்கு ஒண்ணும் இல்லியே? அந்த ஸ்டூல்ல உக்காருங்க. தண்ணி குடிங்க. மூணு செகண்டுதாங்க வந்திருக்கு. திரையில வாய் திறந்தே இருக்கு, குரல் பாதியில அறுந்துபோச்சு. இன்னொரு டேக் போகலாமா?

— வேண்டாம். அவ்வளவுதான் வரும்.

— அக்கா, நீங்க ஏன் அப்படி நிக்கறீங்க?

— இரு தம்பி. இந்தக் கத்தலை நான் கேட்டிருக்கேன். இதேதான். மூணு வாரம் முன்னாடி, செவ்வாய்க்கிழமை மத்தியானம், துணி மடிச்சுக்கிட்டிருந்தேன். போன் அடிச்சுது, எடுத்தா இவ. ஹலோ இல்ல, ஒண்ணும் இல்ல. காதுல ஒரே கத்தல். நாற்காலி இழுபடற சத்தம், கண்ணாடி உடையற சத்தம் எல்லாம் சேர்த்து வெச்சு. காலேஜ் விழாவுல மானம் போச்சே, எனக்கும் கத்த வரும் பாருன்னு எங்கிட்ட காட்டறதுக்குப் போன் பண்ணியிருக்கா. கேளு தம்பி, அப்படித்தானே கண்ணு?

— நான்தான் கத்தினேன்.

— ஒத்துக்கிட்டா பாரு! அன்னைக்கும் இதே குறைதான். அடிவயித்துலேர்ந்து வரல, தொண்டையிலயே நிக்குது. ஏறவே இல்ல, அதுக்குள்ள பட்டுனு நின்னுபோச்சு. மூச்சு இருக்கற வரைக்கும் கத்தணும், யாரு உன்னை நிறுத்தறது?

— நீங்க அன்னைக்கு என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா?

— மறக்குமா? 'கண்ணு, மூச்சும் பத்தல, பயமும் பத்தல. செத்தவகூட உன்னைவிட நல்லாக் கத்துவா. போய்ப் பழகிட்டு வா'ன்னு சொல்லிட்டுப் படக்குனு வெச்சேன். ஒரு வாரம் வீட்டுல இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சோம்.

— அக்கா, மேடம், ஒரு நிமிஷம். சார் வண்டி கீழ வந்துடுச்சு. இப்பவே வந்துட்டார்.

— நல்லதாப் போச்சு, மேல வரட்டும். ரெண்டு கத்தலையும் அவருக்கே போட்டுக் காட்டு. அவரே கேட்டு முடிவு பண்ணட்டும்.

— என் கத்தலை அவர் கேட்டிருக்கார்.

— எப்போ?

— அதே செவ்வாய்க்கிழமை. நான் உங்களைக் கூப்பிடல. காலையில டப்பிங் தேதி கேட்டு உங்ககிட்ட பேசியிருந்தேன், அதனால உங்க நம்பர்தான் மேல இருந்துச்சு. கை அதுல பட்டுடுச்சு. யாரா இருந்தாலும் பரவாயில்லன்னுதான் கத்தினேன். போன் ஸ்பீக்கர்ல தரையில கிடந்துச்சு. நீங்க சொன்னதை ரெண்டு பேருமே கேட்டோம்.

— ரெண்டு பேருமா?

— அவருக்குச் சிரிப்பு தாங்கலக்கா. அப்படிச் சிரிச்சதுலதான் என் கழுத்துலேர்ந்து கையை எடுத்தார்.